வெண்கலம் தெரியாமல் இரும்பு

ஜவ்வாது மலையின் சில ஊர்களில் பிள்ளையார் கோயிலுக்குள் எட்டிப் பார்த்தால், சாமிக்குப் பக்கத்தில் வழவழப்பான கருங்கற்கள் சில வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஒரு முனை குறுகல், மறுமுனை பட்டையாகத் தேய்த்துக் கூராக்கியது. மஞ்சளும் குங்குமமும் ஏறிய இந்தக் கற்கள் புதிய கற்கால மக்கள் மரம் வெட்டவும் மண் கொத்தவும் தேய்த்துத் தேய்த்துச் செய்த கோடரிகள். அதே மலையில், காவலூரில், 1986 ஜனவரியில் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் சாமை விளையும் சரிவுகள், இறந்தோருக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி எழுப்பிய கற்திட்டைகள், கையில் திறன்பேசியோடு மாடு ஓட்டிச் செல்லும் இளைஞர்கள்.

இந்த மலையை ஒரு வரலாற்று உத்தி விளையாட்டுக்குள் கொண்டுபோனால் எந்த யுகத்தில் வைப்பது? கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் 'வரலாறு இப்படித்தான் நகர்ந்தது' என்ற முதல் மனச்சித்திரத்தைப் பாடநூலில் பெறுவதில்லை. கணினித் திரையில்தான் பெறுகிறார்கள். சித் மெய்யரின் 'சிவிலைசேஷன்' 1991இல் வந்தது. அதற்கு முன்பே, 1980இல், பிரான்சிஸ் டிரெஷம் இதே பெயரில் ஒரு பலகை விளையாட்டை வெளியிட்டிருந்தார். 'தொழில்நுட்ப மரம்' என்ற ஏற்பாடு அங்கிருந்துதான் கிளைத்தது: ஒன்றைக் கற்றால்தான் அடுத்தது திறக்கும். மட்பாண்டம் வந்தால் எழுத்து, எழுத்து வந்தால் அடுத்த வாசல், இப்படியே விண்கலம் வரை.

அந்த மரத்தின் கீழ்க்கிளையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 1991 முதல் வந்த பல பதிப்புகளில் இரும்புத் தொழிலுக்கு முன்நிபந்தனை வெண்கலத் தொழில். 2016இல் வந்த ஆறாம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் வெண்கலம் கற்காத நாட்டுக்கு இரும்புத் தாது வரைபடத்தில் தென்படவே தென்படாது. காலடியில் கிடந்தாலும் வெறும் மண்தான்.

திருவண்ணாமலைக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். ஊரை ஒட்டியே கவுத்தி மலையும் வேடியப்பன் மலையும் இருக்கின்றன. இரண்டிலும் காந்தத் தன்மை கொண்ட இரும்புத் தாது. அங்கே சுரங்கம் தோண்டும் திட்டம் வந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்ற செய்தி நாளிதழ்களில் பலமுறை வந்தது. சேலத்துக் கஞ்சமலையும் இதே வகை. கனமான, கருத்த, காந்தத்தில் ஒட்டும் கல்லைப் பார்க்க வெண்கலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

உருக்குவதற்காவது தெரிந்திருக்க வேண்டுமா? செம்பு உருகும் வெப்பநிலை 1,085 டிகிரி செல்சியஸ். தகரம் சேர்த்து வெண்கலமாக்கினால் இன்னும் குறையும். தூய இரும்பு உருக 1,538 டிகிரி தேவை. எண்களை மட்டும் அடுக்கிப் பார்த்தால், குறைந்த சூட்டில் பழகித் தேறிய பிறகே மனிதர் கூடுதல் சூட்டுக்குப் போயிருப்பார்கள் என்று தோன்றும். ஆனால் பழங்கால உலைகளில் இரும்பு உருகவே இல்லை. தாதுவையும் மரக்கரியையும் மாற்றி மாற்றி அடுக்கித் துருத்தி ஊதினால், கரி எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடு தாதுவில் இருக்கும் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். சுமார் 1,200 டிகிரியில் தாதுவின் கழிவான கிட்டம் உருகி வழிந்துவிடும். இரும்பு திட நிலையிலேயே, ஓட்டையும் பொத்தலுமான ஒரு கட்டியாக அடியில் தங்கும். அந்தக் கட்டியைச் சூடு ஆறுமுன் சம்மட்டியால் அடித்து மிச்சக் கிட்டத்தையும் பிழிந்து வெளியேற்றினால் தேனிரும்பு. இதற்கு வேண்டியவை தாது, கரி, காற்று, சூடு தாங்கும் களிமண். நல்ல சூளை போடத் தெரிந்த குயவர் பாதித் தொலைவைக் கடந்துவிட்டார்.

மேற்கு ஆசியாவில் கதை வேறு. செம்பு உருக்கிய உலைகளில் இரும்புத் தாதுவும் கலந்து, அதிலிருந்து இரும்பு கைக்கு வந்திருக்கலாம் என்ற கருத்து ஆய்வாளர்களிடம் உண்டு. அங்கே வெண்கலம் முன்னே, இரும்பு பின்னே. தமிழகத்திலோ செம்புத் தாது அரிது, தகரம் அதைவிட அரிது. திருப்பத்தூர் அருகே, ஜவ்வாது மலையின் நிழலிலேயே இருக்கும் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, புதிய கற்கால அடுக்குக்கு மேலே இரும்புக்காலப் பெருங்கற்படை அடுக்கு வந்தது. நடுவில் தனியாக ஒரு வெண்கலக் காலம் இல்லை. ஆதிச்சநல்லூரில் அழகழகான வெண்கலப் பொருள்கள் கிடைத்திருக்கின்றன, ஆனால் இரும்போடு சேர்ந்தே கிடைத்திருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த அடுக்கின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை, சிவகளையில் கிடைத்த ஒரு மாதிரியின் காலத்தை பொ.ஆ.மு. 3345 வரை கொண்டுபோனது. உடன் கிடைத்த கரித்துண்டின் வயதும் இரும்பின் வயதும் ஒன்றுதானா என்ற விவாதம் அறிஞர்களிடையே தொடர்கிறது. ஆண்டுக்கணக்கு எப்படி முடிந்தாலும் வரிசை மாறப்போவதில்லை: தென்னிந்தியா கல்லிலிருந்து நேரே இரும்புக்கு வந்தது. சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் அப்படியே.

பிறகு ஏன் விளையாட்டு பிடிவாதம் பிடிக்கிறது? கல், வெண்கலம், இரும்பு என்ற முக்கால வரிசை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபன்ஹேகனில் பிறந்தது. அங்கிருந்த அருங்காட்சியகத்தின் பழம்பொருள்களை எப்படி அடுக்கிவைப்பது என்று யோசித்த கிறிஸ்டியன் தாம்சன், அவற்றை மூன்றாகப் பிரித்தார். டென்மார்க்கின் மண்ணுக்கு அது சரியாகப் பொருந்தியது. அவருடைய அலமாரி ஒழுங்கு ஐரோப்பியப் பாடநூலுக்குள் போய், அங்கிருந்து மென்பொருளுக்குள் போய், இன்று மதுரையில் ஒரு பள்ளி மாணவன் பாண்டிய நாட்டை ஆடும்போதும் குறுக்கே நிற்கிறது.

வரிசையைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. விளையாட்டுகளில் தொழில்நுட்பம் ஒருமுறை வந்தால் போகாது. வந்த நொடியிலேயே எல்லோருக்கும் வந்துவிடும். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்துக்கு 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற விரிவாக்கம் வந்தது. அதில் திராவிடர் ஒரு தனி நாகரிகம். சுருள்வாள் வீரர்கள், 'திரிசடை' என்ற பெரிய போர்க்கப்பல், நினைவுச்சின்னமாகத் தஞ்சைப் பெரிய கோயில், ராஜேந்திரனுக்குத் தனிக் கதைத்தொடர் என்று தமிழ் ஆட்டக்காரர்கள் மகிழ நிறைய இருக்கிறது. அவர்களின் சிறப்புத் தொழில்நுட்பங்களில் ஒன்று 'வூட்ஸ்' எஃகு. அதை ஆய்ந்து முடித்த கணத்தில் வரைபடத்தின் எல்லா மூலையிலும் நிற்கும் காலாள், குதிரை வீரர்களின் ஆயுதங்கள் பகைவரின் கவசத்தைப் பொருட்படுத்தாமல் வெட்டத் தொடங்கும். பேரரசு யுகம் என்கிற கடைசி யுகத்தில்தான் இது கிடைக்கும்.

உண்மையான வூட்ஸ் எஃகு அந்தக் கடைசி யுகத்துக்கு ஆயிரமாண்டுக்கும் மேல் மூத்தது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் சங்க காலத்து உலைகளும், உலோகம் உருக்கும் கலங்களான மூசைகளும் கிடைத்தன. பழைய தென்னார்க்காட்டில், திருவண்ணாமலைக்குத் தெற்கே இருக்கும் மேல்சிறுவளூரில் மூசை எஃகு செய்த இடமொன்றை 1990களில் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்து எழுதினார். முறை எளிமையாகத் தோன்றும்: தேனிரும்புத் துண்டுகளோடு மரத்துண்டும் இலைதழையும் சேர்த்துக் களிமண் மூசையில் அடைத்து, வாயைப் பூசி, பல மணி நேரம் உலையில் வைக்க வேண்டும். இலைதழை கரியாகி, அந்தக் கார்பன் இரும்புக்குள் கரையக் கரைய இரும்பின் உருகுநிலை இறங்கும். 1,400 டிகிரிக்கு அருகிலேயே உலோகம் இளகிவிடும். மெதுவாக ஆறவிட்டால் ஒன்றரை விழுக்காடு அளவுக்குக் கார்பன் கொண்ட எஃகுக் கட்டி. எந்த மண், எவ்வளவு உமி, எத்தனை நாழிகை, எந்த நிறம் வந்ததும் ஊதுவதை நிறுத்துவது என்பதெல்லாம் சில குடும்பங்களின் கைக்குள் இருந்தன. அரசன் ஆணையிட்டால் மறுநாள் அடுத்த மாவட்டத்தில் முளைக்கும் சரக்கல்ல அது. 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் மைக்கேல் ஃபாரடே லண்டனில் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து இந்த எஃகைப் பிரித்துப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தென்னிந்திய உலைகளே அவிந்துவிட்டன. ஆலை இரும்பு கப்பலில் வந்து குவிந்தது, காடுகளில் கரி எரிக்கத் தடைகள் வந்தன, செய்தவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். அறிவு இப்படித் தொலைவதை எந்தத் தொழில்நுட்ப மரமும் காட்டுவதில்லை.

வடிவமைப்பாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். நாகரிகங்களின் எழுச்சியோடு வீழ்ச்சியையும் ஆட்டத்தில் வைக்க நினைத்ததாகவும், வீழ்ச்சி ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதால் விட்டுவிட்டதாகவும் சித் மெய்யரே பேசியிருக்கிறார். சம்பாதித்ததைப் பறிகொடுத்தால் ஆள் பழைய சேமிப்புக்குத் திரும்பி மறுபடி ஆடுவான். நியாயமான காரணம்தான். பொழுதுபோக்குக்காகப் பணம் கொடுத்தவரிடம் போய் 'உன் எஃகுக் கொல்லர்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போய்விட்டார்கள்' என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆனாலும் சில இடங்களில் காரணம் சுவாரசியமல்ல, வெறும் பழக்கம். 2013இல் வந்த 'யூரோபா யுனிவர்சாலிஸ்' நான்காம் பாகம் தொடக்கத்தில் உலகத்தையே 'தொழில்நுட்பக் குழு'க்களாகப் பிரித்து, மேற்கத்தியர் அல்லாத குழுக்களுக்கு ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் கூடுதல் விலை வைத்திருந்தது. விஜயநகரமாக ஆடுபவர் முதல் நாளிலேயே பின்தங்கியவர். விமர்சனம் பெருகி, 2016 அக்டோபரில் அந்த முறை எடுக்கப்பட்டு 'நிறுவனங்கள்' என்ற புதிய ஏற்பாடு வந்தது. அதிலும் மறுமலர்ச்சி இத்தாலியில் தோன்றித்தான் மற்ற இடங்களுக்குப் பரவ வேண்டும். ஏணியை எடுத்துவிட்டு அதே இடத்தில் படிக்கட்டு கட்டினார்கள்.

காவலூருக்கு வருவோம். 'சிவிலைசேஷன்' ஐந்தாம் பதிப்பில் வானாய்வகம் கட்ட வேண்டுமானால் நகரம் மலையை ஒட்டி இருக்க வேண்டும். வானாய்வகம் அந்த நகரத்துக்குள்ளேயே எழும்பும். மலை வேண்டும் என்பது வரை சரி. மற்றது தலைகீழ். வானியலாளர் வைணு பாப்பு 1960களில் தமிழகத்தில் இடம் தேடியபோது பார்த்தவை இருண்ட வானம், தெளிந்த இரவுகள், தெற்கு விண்மீன்களும் தெரியும்படியான அட்சரேகை. சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே, பெரிய நகர வெளிச்சம் எட்டாத காவலூர் அதற்குப் பொருந்தியது. 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி, 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதைக் காட்டிய பதிவுகளில் காவலூரில் எடுத்ததும் ஒன்று. நகரம் இல்லாததுதான் அந்த இடத்தின் அறிவியல் தகுதி. ஆட்டத்திலோ அறிவியல் புள்ளிகள் பெருமளவும் நகரத்தில் விளைபவை. நகரம் இல்லாத மலை வெற்றுக் கட்டம்.

வெற்றுக் கட்டம் என்பதுகூட முழு உண்மையல்ல. ஆறாம் பதிப்பின் வரைபடத்தில் ஆங்காங்கே 'பழங்குடிக் கிராமங்கள்' இருக்கும். ஆட்டக்காரரின் வீரன் உள்ளே நுழைந்ததும் கொஞ்சம் பொன்னோ, ஒரு கண்டுபிடிப்புக்கான குறிப்போ, ஒரு படையணியோ கொடுத்துவிட்டுக் கிராமம் மாயமாகிவிடும். ஆள் பெயர் இல்லை, மொழி இல்லை, அடுத்த ஆண்டு இல்லை. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று கதை சொல்கிறார்கள். அந்தக் கதைக்குள் அண்ணன் தம்பிகள் பிரிந்து வெவ்வேறு மலைகளுக்குப் போன கிளைகள் உண்டு. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், பரிசில் தேடிப் போகும் கூத்தரை வழிநெடுக மலைவாழ் மக்களின் வீடுகள் வழியாகத்தான் அரண்மனைக்கு அனுப்புகிறது. அவர்கள் சோறும் இறைச்சியும் கொடுத்து, வழி சொல்லி, மறுநாள் விடைகொடுக்கிறார்கள். அரசனின் புகழே அந்த விருந்தோம்பலின் மேல்தான் நிற்கிறது. அந்தக் கிராமங்கள் கூத்தர் போன பிறகும் அங்கேயே இருக்கின்றன.

இங்கேதான் தொழில்நுட்ப முறையின் குறையும், மனிதர்களைப் பாத்திரங்களாக்கும் முறையின் குறையும் ஒன்றாகின்றன. இரண்டுமே அரண்மனை முற்றத்திலிருந்து உலகத்தைப் பார்க்கின்றன. அறிவு அரசின் கணக்கில் ஏறும் புள்ளி, மனிதர் அரசனின் குடும்ப மரத்தில் தொங்கும் பெயர்.

மனிதர்களை எண்களாக்கும் வேலையை 1985இலேயே ஜப்பானின் கோயெய் நிறுவனம் 'ரொமான்ஸ் ஆஃப் த த்ரீ கிங்டம்ஸ்' விளையாட்டில் செய்திருந்தது. இன்று அதன் நுட்பமான வாரிசு பாரடாக்ஸ் நிறுவனத்தின் 'க்ரூசேடர் கிங்ஸ்' மூன்றாம் பாகம், 2020 செப்டம்பரில் வந்தது. ஒவ்வொரு மனிதருக்கும் ராஜதந்திரம், போர், நிர்வாகம், சூழ்ச்சி, கல்வி, தனிவீரம் என்று மதிப்பெண்கள். துணிந்தவர், கோழை, நேர்மையாளர், வஞ்சம் மறவாதவர் என்று குணங்கள். இரக்கமுள்ளவர் கைதியைக் கொன்றால் மன அழுத்தம் ஏறும். குணத்துக்கு மாறாக நடப்பதற்கு ஒரு விலை வைத்தது உண்மையிலேயே நல்ல சிந்தனை. கண்டுபிடிப்புகளை நாட்டுக்குச் சொந்தமாக்காமல் பண்பாட்டுக்குச் சொந்தமாக்கியதும் மற்ற விளையாட்டுகளைவிட ஒரு படி மேல்.

அப்படிப்பட்ட விளையாட்டும் 1070இல் தடுக்கி விழுகிறது. அதன் தொடக்க ஆண்டுகளில் ஒன்று 1066. வரலாற்றில் அப்போது சோழ அரியணையில் வீரராஜேந்திரன். நான்கே ஆண்டுகளில் அவரும் இறந்து, மகன் அதிராஜேந்திரனும் இறந்து, வேங்கியின் கீழைச் சாளுக்கிய இளவரசன் ஒருவன் கங்கைகொண்ட சோழபுரத்தில் முடிசூடினான். முதலாம் குலோத்துங்கன். தந்தை சாளுக்கிய ராஜராஜ நரேந்திரன். தாய் அம்மங்கைதேவி, முதலாம் ராஜேந்திரனின் மகள். தந்தையின் தாய் குந்தவை, முதலாம் ராஜராஜனின் மகள். மணந்துகொண்ட மதுராந்தகி இரண்டாம் ராஜேந்திரனின் மகள். மூன்று தலைமுறைகளாக இரு குடும்பங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, மாமன் வீடும் அப்பன் வீடும் ஒன்றுக்குள் ஒன்றாகிவிட்டிருந்தன. கல்வெட்டுகள் அவரைச் சோழராகவே பேசுகின்றன. அரை நூற்றாண்டு ஆண்டார்.

ஆட்டத்தின் கணக்கு வேறு. குழந்தை தந்தையின் குலத்தைச் சேரும். தாய்வழித் திருமணம் என்று முன்கூட்டியே தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும் தாயின் குலம். முதல் வழியில் குலோத்துங்கன் சாளுக்கியர். சோழராக ஆடியவருக்குக் குலத்தில் வாரிசு இல்லை என்றால் ஆட்டம் முடிந்தது. இரண்டாம் வழியில் அவர் சோழர், ஆனால் ராஜராஜ நரேந்திரனின் குலத்துக்கு வேங்கியில் பிள்ளை இல்லாமல் போகும். மாமன் மகளை மணப்பதும், தாய்மாமன் உறவே தந்தை உறவுக்கு நிகராக எடை பெறுவதுமான ஒரு சமூகத்தில் இவர் இரண்டுமாக இருந்தார். அந்த 'இரண்டுமாக' என்பதற்கு அங்கே கட்டமே இல்லை.

அரசனுக்கே கட்டம் இல்லை என்றால், அரசர் அல்லாதவருக்கு? செங்கத்துப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன். கருந்தேவக்கத்தி என்ற இளைஞன் தன் எருமைகளை மீட்கப் போராடி விழுந்தான். கோவிவன் என்ற அவனது நாய் திருடர் இருவரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது. கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் நாயும் நிற்கிறது, நாயின் பெயரும் நிற்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூல் இப்படிப்பட்ட கற்களின் உலகத்தைத் திறந்துவைத்தது. ஆநிரை கவர்ந்தவர், மீட்டவர், ஊருக்காக விழுந்தவர் என்று பெரும்பாலும் அரசர் அல்லாதவர்கள். காலத்துக்கு மன்னன் பெயர், ஊருக்கு வீரன் பெயர். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' கணக்கில் அந்தக் காலம் 'இருண்ட யுகம்'. எழுதத் தெரிந்த ஊர், கல்லை வெட்டி நாய்க்குப் பெயர் பொறித்த ஊர், இருட்டில் இருக்கிறது. களப்பிரர் காலத்துக்கு அதே பட்டத்தைச் சூட்டிய நம் பாடநூல்கள் இதைப் பார்த்து ரொம்பவும் கோபப்பட முடியாது.

'க்ரூசேடர் கிங்ஸ்' 2024இல் நிலமற்ற நாடோடி வீரர்களாகவும் ஆட வழி செய்தது. கருந்தேவக்கத்திக்கு அது ஒரு கதவு. ஆனால் அவன் செத்த பிறகு நடப்பதை அந்த விளையாட்டால் காட்ட முடியாது. கல் நட்டார்கள், படைத்தார்கள், தலைமுறைகள் கழிந்தன, இந்த வட்டாரத்தில் பல நடுகல் வீரர்கள் வேடியப்பன் என்று சாமியானார்கள். ஆட்டத்தில் பாத்திரம் இறந்தால் குலத்துக்குக் கொஞ்சம் புகழ் மிஞ்சும்; ஊருக்கு எதுவும் மிஞ்சாது. இரும்புத் தாது நிறைந்த அந்த மலையின் பெயரே ஒரு செத்த வீரனின் பெயர் என்பது எந்த மரத்திலும் ஏறாது.

2025 பிப்ரவரியில் வந்த 'சிவிலைசேஷன்' ஏழாம் பதிப்பில் சோழர் ஒரு நாகரிகமாகவே வந்துவிட்டார்கள். ஆனால் மூன்று யுகங்களில் இரண்டாவதில் மட்டும். வெளியான வடிவில், சோழராக வேண்டுமானால் முதல் யுகம் முழுதும் வேறு யாராகவோ ஆட வேண்டும். அசோகரின் கல்வெட்டு பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே சோழரைப் பக்கத்து நாட்டார் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

இந்த விளையாட்டுகளில் பலவற்றின் விதிகள் யாரும் திறந்து திருத்தக்கூடிய எழுத்துக் கோப்புகளில் இருக்கின்றன. ஆர்வலர்கள் தங்கள் மாற்றங்களைச் செய்து இலவசமாகப் பகிர்கிறார்கள். ஆறாம் பதிப்பில் எந்தத் தொழில்நுட்பத்துக்கு எது முன்நிபந்தனை என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. அதில் இரும்பையும் வெண்கலத்தையும் இணைக்கும் வரியை நீக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. தாது தென்படும் நிபந்தனைக்கு இன்னொரு வரி. குலோத்துங்கனைச் சரிசெய்வது அவ்வளவு எளிதல்ல. 'க்ரூசேடர் கிங்ஸ்' மூன்றாம் பாகத்தில் ஒவ்வொரு மனிதருக்கும் குலத்துக்கென்று இருப்பது ஒரே ஓர் இடம். இரண்டாவது பெயரை எழுத அங்கே வரியே கிடையாது.